மலையில் மின்சாரக் கார் அடி தட்டினால்: முதல் நிமிடத்திலிருந்து பட்டறை வரை

போன ஐப்பசி மழையில், கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் போகும் வழியில் எங்கள் மின்சாரக் காரின் அடியில் ஒரு கல் தட்டியது. ஏற்றத்தில் நின்ற ஏதோ ஒரு லாரிக்கு அண்டக்கொடுத்த கல். லாரி கிளம்பிப் போய்விட்டது, கல் ரோட்டிலேயே கிடந்தது. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கல்லைத் தெரியும். அன்றைய மூடுபனியில் பத்தடி நெருங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவனின் கணக்கு அது.

ஒரே ஒரு 'டங்'. இறங்கிக் குனிந்து பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு கீறல், அவ்வளவுதான். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மேலும் நான்கு கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வாசல் சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஈரம்.

அந்த நான்கு கிலோமீட்டரை ஓட்டியிருக்கக் கூடாது. ஏன் கூடாது, பிறகு என்னதான் செய்ய வேண்டும் என்பதை அடுத்த மூன்று வாரத்தில் அலைந்து தெரிந்துகொண்டேன். மலையில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடியில் என்ன இருக்கிறது

பெட்ரோல் காரின் அடியில் கல் தட்டினால் சைலன்சர் குழாய் நசுங்கும், மோசமானால் ஆயில் சம்ப் உடையும். ஆயில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். மின்சாரக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தரை முழுவதும் பேட்டரிதான். அலுமினியத்திலோ எஃகிலோ செய்த ஒரு பெரிய தட்டு, அதற்குள் வரிசையாக நிறையச் செல்கள், அவற்றைக் குளிர்விக்கக் கூலன்ட் ஓடும் தகடுகள். நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இந்தப் பேட்டரி 300 முதல் 400 வோல்ட் வரை. இதற்கெல்லாம் கீழே ஒரு பிளாஸ்டிக் அல்லது உலோகக் கவசம். நாம் குனிந்தால் தெரிவது அந்தக் கவசம் மட்டும்தான்.

ஆகவே ஒரே மாதிரி தெரியும் கீறலுக்குப் பின்னால் மூன்று நிலைகள் இருக்கலாம். கவசத்தோடு போயிருக்கலாம். பேட்டரித் தட்டு உள்வாங்கியிருக்கலாம். அல்லது அந்த உள்வாங்கல் குளிர்விக்கும் தகட்டையோ செல்லையோ தொட்டிருக்கலாம். எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என் வண்டியில் கவசத்துக்கு மேலே ஒளிந்திருந்த கூலன்ட் குழாயின் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. கவசம் பாத்திரம் மாதிரி ஒழுகலைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியிருக்கிறது.

"ஐபி 67, தண்ணீரே புகாது" என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். சீல் முழுதாக இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு.

கனமான தகடு போட்டால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். 2013இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலையில் கிடந்த ஒரு வளைந்த இரும்புத் துண்டு, டெஸ்லா மாடல் எஸ் காரின் அடியிலிருந்த சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனான தகட்டையே துளைத்துத் தீப்பிடிக்க வைத்தது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் டைட்டானியம் தகடு உட்பட மூன்று அடுக்குப் பாதுகாப்பைச் சேர்த்தது. தரைக்கும் காருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நெம்பும் பொருளுக்கு அவ்வளவு வலு.

படி 1: நிறுத்தி, இறங்கி, விலகி நில்லுங்கள்

சத்தம் கேட்டதும் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். வளைவில் நிற்க வேண்டாம். பார்க்கிங் பிரேக், அபாய விளக்கு, பவர் ஆஃப். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுங்கள். போகும்போது அந்தக் கல்லை மறக்காமல் எடுத்துப் போடுங்கள்! எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்காமல் மலைப் பக்கமாக இறங்கி, காற்று வரும் திசையில் தள்ளி நில்லுங்கள். 15 மீட்டர் இருந்தால் நல்லது.

ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள், மூக்கையும் பயன்படுத்துங்கள். உஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம், சோளம் பொரிவது போன்ற படபடப்பு, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற இனிப்பு கலந்த நெடி, அடியிலிருந்து வரும் வெண்புகை. இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை மறந்துவிடுங்கள். பை, செல்போன் சார்ஜர் என்று எதற்கும் திரும்பிப் போக வேண்டாம். அந்தப் புகை நச்சு. 112 அல்லது 101ஐ அழைத்து, "எலக்ட்ரிக் கார், அடியில் பேட்டரியில் அடி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். லித்தியம் பேட்டரித் தீயை அணைக்க மிக அதிகத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகு மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு. வந்து சேர்கிறவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கூடுதல் குழப்பம்: வெண்புகையா, மூடுபனியா? பனி ரோடு முழுக்கப் பரவி நகரும். பேட்டரிப் புகை ஓர் இடத்திலிருந்து பீய்ச்சும், நெடி இருக்கும். தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் தீரவில்லையென்றால் புகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: படம் எடுங்கள், பிறகு பாருங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் கிட்டே போகலாம். கல்லை நகர்த்துவதற்கு முன்பே கல், வண்டி, ரோடு மூன்றும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் இது பேசும்.

சரிவில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையை மட்டும் நீட்டி நான்கு பக்கமும் மெதுவாக எடுங்கள். குடைக் கம்பியிலோ செல்ஃபி குச்சியிலோ கட்டி விட்டால் நடுப்பகுதியும் தெரியும். பிறகு நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். உலோகம் தெரிகிறதா, கவசம் கிழிந்திருக்கிறதா, போல்ட் தலை உடைந்திருக்கிறதா, விளிம்பில் சீல் ஓடும் கோடு வளைந்திருக்கிறதா, ஆரஞ்சு நிறக் கேபிள் எங்காவது வெளியே தெரிகிறதா. ஆரஞ்சைத் தொடக் கூடாது, அது உயர் மின்னழுத்தக் கேபிள்.

சொட்டு விழுந்தால் ஒரு வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ ஒற்றிப் பாருங்கள். ஏசி தண்ணீருக்கு நிறம் இருக்காது. கூலன்ட் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறுவனத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும், விரலில் வழவழப்பாக ஒட்டும். கையுறை இல்லாமல் தொட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

படி 3: இறக்கத்தில் விட்டுவிடலாம் என்ற நினைப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள், பழுதான வண்டியை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி சேவைக்குப் போன் போட்டபோது எதிர்முனையில் இருந்த தம்பி சொன்னது: "எதுக்குண்ணே வண்டி வரணும்? மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம்தானே, மெதுவா விட்டுட்டு வந்துருங்க. கீழ வந்து ஏத்திக்கலாம்."

டீசல் காலத்தில் இது நல்ல யோசனை. மின்சாரக் காரில் இறக்கம் என்றால் சார்ஜிங். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்கும் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். 1,600 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினால் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் விடுபடும். டயரிலும் காற்றிலும் போனது போக, அதில் பாதியளவாவது பேட்டரிக்குள் ஏறும். அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் பேட்டரிக்கு, கூலன்ட் வேறு ஒழுகும்போது, ஒரு மணி நேரம் விட்டுவிட்டு சார்ஜ் போடுவதற்குச் சமம் இது. அடிபட்ட வண்டியைச் சார்ஜரில் மாட்ட மாட்டீர்கள் அல்லவா? அதே காரணம்தான்.

நியூட்ரலில் விடலாமே என்று சிலர் கேட்பார்கள். மலை இறக்கத்தில் நியூட்ரல், வெறும் பிரேக்கை நம்பி. வழியில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே இறங்க இறங்கப் பேட்டரிப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே இழுத்து அழுத்தத்தைச் சமன் செய்யும். அதற்கென்றே ஈரம் புகாத சவ்வு வைத்த வால்வு இருக்கிறது. பெட்டியில் விரிசல் இருந்தால் காற்று வால்வை விட்டுவிட்டு விரிசல் வழியே, மழை ஈரத்தோடு உள்ளே போகும். அதனால்தான் சில வண்டிகளில் மேலே இருக்கும்வரை விளக்கு எரியாமல், கீழே போய் இரண்டு நாள் கழித்து 'இன்சுலேஷன்' கோளாறு, அதாவது மின்கசிவு எச்சரிக்கை, வரலாம்.

அப்படியானால் எப்போதுதான் ஓட்டலாம்? என் முடிவு இது: வீடியோவில் கவசத்தின் மேல் பெயின்ட் கீறல் மட்டும் தெரிகிறது, சொட்டு இல்லை, நெடி இல்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை என்றால், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய மிக அருகிலுள்ள திறந்த வெளிவரை நடை வேகத்தில் போகலாம். அதற்கு மேல் ஒரு வளைவுகூட வேண்டாம். டேஷ்போர்டில் ஆமை படம் (வண்டி தன் சக்தியைக் குறைத்துக்கொண்டது என்பதன் அடையாளம்), சிவப்பு பேட்டரி விளக்கு, கூலன்ட், உலோகத்தில் பள்ளம் என ஏதாவது ஒன்று இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

சக்கரம் கால்வாயில் இறங்கிவிட்டால்

இது மலையின் தனி வியாதி. எதிரே பேருந்து வரும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி, 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. நாம் நல்ல பிள்ளையாக ஓரம் ஒதுங்க, இடது சக்கரங்கள் ஓரக் கால்வாயில் இறங்கிவிடும். வண்டியின் எடையில் பெரும்பங்கு கால்வாயின் கான்கிரீட் விளிம்பில், அதாவது பேட்டரித் தட்டின் ஓரத்தில் உட்காரும்.

பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்து "ஏய், ரிவர்ஸ் போடுங்க, தள்ளுறோம்" என்பார்கள். நல்ல மனசு, கும்பிட்டுவிட்டு மறுத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தாலும், கயிறு கட்டி இழுத்தாலும், அந்த விளிம்பு ரம்பம் மாதிரி தட்டின் மேல் ஓடும். இறங்கும்போது பட்டது ஒரு பங்கு என்றால் இழுக்கும்போது படுவது நான்கு பங்கு. தூக்கித்தான் எடுக்க வேண்டும். கிரேன் வரும்வரை ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்று போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 4: ஏற்றி அனுப்புதல்

நான்கு சக்கரமும் மேலே இருக்கும் ஃப்ளாட்பெட் மட்டும். இரண்டு சக்கரத்தைத் தூக்கி, மற்ற இரண்டை உருட்டிக்கொண்டு போகிற வண்டி வேண்டாம். ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். போனிலேயே மூன்று விஷயம் சொல்லுங்கள்: எலக்ட்ரிக், ஃப்ளாட்பெட், கொண்டை ஊசி வளைவு. நீளமான லாரி வந்து வளைவில் மாட்டிக்கொண்டால் உங்கள் வண்டியோடு ஊரே நிற்கும். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை வைப்பார்கள். அப்போது ரெக்கவரி வண்டி பர்லியார், குன்னூர் சுற்றித்தான் வந்து சேரும். இலவச சாலை உதவித் திட்டம் எத்தனை கிலோமீட்டர் வரை என்பதையும் கேளுங்கள். கோயம்புத்தூர் போய்த் திரும்பும் தூரம் பெரும்பாலும் அதைத் தாண்டும்.

ஏற்றும்போது வின்ச் கொக்கியை இழுக்கும் வளையத்தில் மட்டும் மாட்ட வேண்டும். சங்கிலியைச் சக்கரத்தில் கட்டலாம், அடித்தளத்தில் எங்கும் கட்டக் கூடாது.

வண்டி வர மறுநாள் ஆகுமென்றால் காரை வீட்டுச் சுவரை ஒட்டியோ, போர்ட்டிகோவிலோ, காய்ந்த புல் மேலோ நிறுத்தாதீர்கள். கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சார்ஜ் போட வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். நான் முதல் இரவு போர்ட்டிகோவில்தான் விட்டிருந்தேன், மேலே பிள்ளைகள் தூங்கினார்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

படி 5: பட்டறையில் என்ன கேட்க வேண்டும்

என் வண்டியை இறக்கிய பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் இல்ல சார், கூலன்ட் டாப்-அப் பண்ணித் தர்றோம்" என்றார்கள். ஸ்கேனர் சென்சார் சொல்வதைத்தான் சொல்லும். தட்டு நசுங்கியதை உணரும் சென்சார் பொதுவாக இருப்பதில்லை. "கவசத்தைக் கழற்றுங்க, நான் நின்னு பாக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேர வேலை. விரிசல் விட்ட குழாயும், தட்டில் கட்டைவிரல் அகலப் பள்ளமும் அப்போதுதான் வெளியே வந்தன.

ஜாப் கார்டில் இவற்றை எழுதச் சொல்லுங்கள், முடிவை எண்ணாக வாங்குங்கள். முதலில் பள்ளத்தின் ஆழம், எத்தனை மில்லிமீட்டர், தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் கையேட்டில் அனுமதித்த அளவு எத்தனை. "சின்னதுதான்" என்பது அளவு கிடையாது. அடுத்தது இன்சுலேஷன் தடை. பேட்டரிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மின்கசிவு இருக்கிறதா என்று அளப்பது. நேர் மின்னோட்டப் பகுதிக்கு ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் என்பது சர்வதேச விதி, 350 வோல்ட் பேட்டரிக்கு 35 கிலோ ஓம். அது கடைசி எல்லை. நல்ல பேட்டரி அதைவிடப் பல மடங்கு காட்டும், எல்லையை ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

கூலன்ட் சுற்றை அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கும் தனியாகக் காற்றழுத்தக் கசிவுச் சோதனை உண்டு, பலரும் இதைக் கேட்பதே இல்லை. மழைப் பிரதேசத்தில் ஓட்டுகிறோம், பெட்டி சீல் சரியாக இருக்கிறதா என்பதுதான் நமக்கு முதல் கேள்வி.

கடைசியாகச் செல்களின் வோல்ட் வித்தியாசம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியில் நடுச் சார்ஜில் எல்லாச் செல்லும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் காட்டும், நோய் வெளியே தெரியாது. மற்ற சோதனைகள் தேறிய பிறகு, பட்டறையிலேயே முழுச் சார்ஜுக்கு அருகில் ஒருமுறையும், இரண்டு நாள் நிற்க வைத்து மறுமுறையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் தனியாக இறங்கினால் அங்கே உள்காயம் இருக்கலாம்.

தட்டை மட்டும் மாற்ற முடியுமா, முழுப் பேட்டரியா என்பது மாடலைப் பொறுத்தது. சிலர் தட்டைத் தனி உதிரியாகவே விற்பதில்லை. கனடாவில் 2023இல் ஒருவரின் காருக்கு அடியில் பட்ட சேதத்துக்காகப் பேட்டரி மாற்றக் கொடுத்த எஸ்டிமேட், கார் வாங்கிய விலையையே தாண்டியது. வண்டியை முழு இழப்பு என்று எழுதிவிட்டார்கள். வெளியே லேத்தில் கொடுத்து நிமிர்த்துகிறேன், வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

படி 6: இன்சூரன்ஸ்

எட்டு வருட பேட்டரி வாரன்டி இதற்கு உதவாது. அது தயாரிப்புக் குறைக்கு, கல் தட்டியதற்கு அன்று. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தாலும் ஒன்றும் கிடைக்காது, சொந்தச் சேதத்துக்கான பாலிசி வேண்டும். நடந்த அன்றே தகவல் கொடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பிரிக்க விடாதீர்கள்.

பாலிசியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டி, அதனால் சேதம் அதிகமானால் அந்தப் பங்கு உரிமையாளர் தலையில். அந்த நான்கு கிலோமீட்டர் என்னைக் கடித்தது இங்கேதான். சர்வேயர் முதலில் கேட்டதே, "தட்டுனதுக்கு அப்புறம் ஓட்டுனீங்களா சார்?" ஓட்டினேன் என்று உண்மையைச் சொன்னேன். பேட்டரிக்குள் சூட்டுச் சேதம் இல்லை என்று பட்டறை அளவுகள் காட்டியதால் தப்பினேன். எண்ணாக வாங்குங்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பழைய மோட்டார் கட்டண விதிப்படி பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பல லட்சம் பெறும் பேட்டரியில் பாதி என்றால் யோசித்துப் பாருங்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி இருந்தால் இது வராது, ஆனால் காரை ஓட்டும் பெரிய பேட்டரியும் அதில் அடக்கமா என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழுதுச் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகத் தீர்ப்பார்கள். புதுப்பிக்கும்போது ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்கிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டி திரும்பி வந்த பிறகு

ஒரு மாதம் தினமும் காலையில் நின்ற இடத்தின் தரையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கூலன்ட் மட்டத்தைப் படம் எடுங்கள். முதல் கனமழைக்கு மறுநாள் எச்சரிக்கை வந்தால், சென்சார் கோளாறு என்று யாராவது சொன்னாலும் ஏற்க வேண்டாம். முதல் சில வாரம் வேகச் சார்ஜரைத் தவிர்த்தேன், அவசியமா என்றால் மனத்திருப்திக்கு.

கூடுதல் இரும்புத் தகடு போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். எடை கூடும், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும், வால்வை அடைத்துவிடவும் கூடும். அதைவிட ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறியிருக்கும்போது எஸ்டேட் ரோட்டில் இரண்டு பேரை இறக்கி நடக்கவிடுவது மேல். டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கல் கிடந்தால் நடுவில் விடாமல் நிறுத்துங்கள். கல் உயரம் குறைவு, இடமும் இல்லையென்றால் சக்கரத்தை அதன் மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். டயர் போனால் டயரோடு போகும்.

அப்புறம் பஞ்சர் கடை. கல்லை விடவும் இதற்குத்தான் இப்போது பயப்படுகிறேன். ட்ராலி ஜாக்கியை வண்டியின் நடுத் தரையில் கொடுத்துத் தூக்குவது பழக்கம், அங்கே இருப்பது பேட்டரி. ஜாக்கி வைக்கும் நான்கு இடத்திலும் வெள்ளைப் பெயின்டால் அம்புக்குறி போட்டுவிட்டேன். அரவேனுவில் ஒரு கடைக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, தடுப்பூசி போட்ட மாடு மாதிரி?" என்றான். சிரித்துக்கொண்டே சரியான இடத்தில்தான் ஜாக்கியை வைத்தான்.